வீட்டில் வருகிறது, மேடையில் வரவில்லை: முதல் கச்சேரிக்குத் தயாராகும் இசை மாணவர்களுக்கு

கர்நாடக இசை கற்பிக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் பழகிப்போன வாக்கியம் ஒன்று உண்டு: "வீட்டில் நன்றாகத்தான் வந்தது, இங்கே வந்தால் வரமாட்டேன் என்கிறது." மாணவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் அந்தச் சங்கதி (ஓர் அடியை மெருகேற்றிப் பாடும் மாறுபாடு) வந்தது உண்மைதான். எத்தனையாவது தடவையில் வந்தது என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை. ஏழெட்டுத் தடவை இடறி, பிறகு ஒரு தடவை சுத்தமாக விழுந்ததும், வந்துவிட்டது என்று முடிவுகட்டி அடுத்த அடிக்குப் போய்விடுகிறோம். ஆசிரியர் முன்னிலையிலும் மேடையிலும் அந்த ஏழெட்டுத் தடவைக்கு இடமில்லை. அங்கே முதல் தடவை பாடுவதுதான் பாட்டு.

வர்ணமும் சில கீர்த்தனைகளும் பாடமாகி, நவராத்திரி விழாவிலோ தியாகராஜ ஆராதனையிலோ சபா ஒன்றின் இளையோர் நிகழ்ச்சியிலோ முதல் முறையாகப் பாடவோ வாசிக்கவோ போகிறவர்களுக்காக இது எழுதப்படுகிறது. சாதகம் என்னும் பயிற்சி வேறு, மேடை நடுக்கம் வேறு என்று பிரித்துப் பார்த்து, முன்னதற்கு உழைப்பையும் பின்னதற்குத் தைரியத்தையும் மருந்தாகச் சொல்வதே வழக்கம். அந்தப் பிரிவினையில் எனக்கு உடன்பாடில்லை. நடுக்கத்தில் பெரும்பங்கு, கச்சேரிக்குப் பல வாரங்களுக்கு முன்பே, கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் சாதகத்தின் முறையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் செய்ய வேண்டியது: முதல் தடவையைப் பதிவு செய்தல்

வரிசைகளும் அகார சாதகமும் ('ஆ' என்று ஸ்வரங்களைப் பாடும் பயிற்சி) முடிந்து குரல் இளகியபின், அன்றைக்கு எடுத்துக்கொள்ளப்போகும் உருப்படியை, அதாவது பாட்டை, எந்த ஒத்திகையும் இல்லாமல் ஒரே ஒரு முறை முழுவதுமாகப் பாடிக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். இடையில் நிறுத்தக்கூடாது, திரும்பப் பாடக்கூடாது. பிறகு சாகித்தியம் (பாட்டின் சொற்கள்) எழுதிய நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, பென்சிலுடன் அந்தப் பதிவைக் கேளுங்கள். சுருதி விலகிய இடம், தாளம் ஓடிய இடம், மூச்சு போதாமல் சொல் உடைந்த இடம் ஆகியவற்றை அந்தந்தச் சொல்லின் மேலேயே குறித்துவிடுங்கள். அன்றைய சாதகத்துக்கான பாடத்திட்டம் இந்தக் குறிகள்தான்.

சாதகத்தின் முடிவில் எடுக்கும் பதிவு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அதை வைத்து உங்களை எடைபோட வேண்டாம். அடுத்தடுத்த மூன்று நாட்களின் முதல் பதிவுகள் குறியில்லாமல் இருந்தால் மட்டுமே அந்த உருப்படியை மேடைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கணக்கு சற்றுக் கடுமையானது. பத்து உருப்படிகள் தெரியும் என்று நினைத்திருப்பவரின் பட்டியல் நான்காகச் சுருங்கிவிடக்கூடும். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு நான்கு போதும்.

பிழை குடியிருக்கும் இடம்

ஒரு சிட்டை ஸ்வரத்தில் (உருப்படியில் முன்பே அமைந்த ஸ்வரப் பகுதி) இடறும் மாணவர் வழக்கமாக என்ன செய்கிறார் என்று பாருங்கள். அந்த ஆவர்த்தனத்தின் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) தொடக்கத்துக்குப் போகிறார், மறுபடி பாடுகிறார், அதே இடத்தில் இடறுகிறார், மறுபடியும் தொடக்கத்துக்குப் போகிறார். இப்படிப் பத்து முறை செய்தால், ஏற்கெனவே நன்றாக வரும் தொடக்கத்துக்குப் பத்து முறை சாதகம் கிடைக்கிறது. பிழைக்கும் பத்து முறை சாதகம் கிடைத்துவிடுகிறது. பல மாணவர்களின் கீர்த்தனைகளில் பல்லவி பளபளவென்றும் சரணம் மங்கலாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பிழை ஓர் ஆவர்த்தனம் முழுவதும் பரவியிருப்பது அபூர்வம். பெரும்பாலும் அது இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் இருக்கிறது. மோகனத்தில் மேல் ஷட்ஜத்திலிருந்து 'ஸ த ப க, த ப க ரி, ப க ரி ஸ' என்று இறங்கும் ஒரு கோர்வையை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், பாடுவதாக வைத்துக்கொள்வோம். இறங்கிக்கொண்டிருக்கும் குரல் காந்தாரத்திலிருந்து சட்டென்று தைவதத்துக்குத் தாவ வேண்டியிருக்கிறது. அந்தத் தாவலில்தான் பஞ்சமம் தேவையில்லாமல் எட்டிப் பார்க்கிறது அல்லது தைவதம் சற்றுக் கீழாக விழுகிறது. ஆகவே முதலில் 'க த' என்ற இரண்டு ஸ்வரங்களை மட்டும் தம்புராவுக்கு எதிரில் நிதானமாகப் பாடிப் பாருங்கள். அது நின்றபின் 'ப க, த ப'. அதற்குப்பின் 'த ப க, த ப க'. பிறகு முழுக் கோர்வை, முதலில் ஒன்றாம் காலத்தில். கடைசியாக, அதற்கு முந்தைய ஆவர்த்தனத்தின் நடுவிலிருந்து எடுத்து, இந்தக் கோர்வையைக் கடந்து, அடுத்த ஆவர்த்தனத்துக்குள் போய் நிற்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தனியாக எடுத்தால் சரியாக வரும் சங்கதி, பாட்டுக்குள் வரும்போது மறுபடி குலைவது அதனால்தான். வயலினில் இதே பிழை வில் திரும்பும் இடத்திலும், புல்லாங்குழலில் மூச்செடுக்கும் இடத்திலும் ஒளிந்திருக்கும் என்பதால், அந்த வாத்தியங்களைக் கற்பவர்கள் ஸ்வரத்தோடு அதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

எந்த வேகத்தில் சாதகம் செய்வது என்ற கேள்விக்குப் பிழையே வராத வேகத்தில் என்பதுதான் பதில். தாளச் செயலியை வைத்துக்கொண்டு, இடறாத காலப்பிரமாணத்தை (வேக அளவை) கண்டுபிடித்து, அங்கிருந்து சிறிது சிறிதாக ஏற்றுங்கள். இடறினால் உடனே ஒரு படி இறங்கிவிடுங்கள். இது வெறும் பெரியவர்கள் சொல் அல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தேர்ந்த பியானோ மாணவர்கள் 17 பேருக்கு ஒரே கடினமான சிறு பகுதியைக் கொடுத்து, வேண்டிய நேரம் பயிற்சி செய்யச் சொல்லி, மறுநாள் வாசிக்க வைத்தார்கள். மிக நன்றாக வாசித்தவர்கள் அதிக நேரம் பயின்றவர்களும் அல்லர், அதிக முறை வாசித்தவர்களும் அல்லர். பிழை வந்த கணத்திலேயே அதன் இடத்தைச் சரியாகக் கண்டு, வேகத்தைக் குறைத்துத் திருத்தி, அதே பிழை மறுபடி நிகழாமல் பார்த்துக்கொண்டவர்களே முன்னணியில் இருந்தார்கள்.

எவ்வளவு நேரம், எந்த வரிசையில்

நம்மிடையே அசுர சாதகக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. விடியற்காலை தொடங்கி இரவு வரை பாடிய வித்வான்களைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் பாடிய குழந்தை குற்ற உணர்வோடு எழுந்துபோகிறது. உலகெங்கும் சொல்லப்படும் பத்தாயிரம் மணி நேரக் கணக்கும் இதற்குத் தூபம் போடுகிறது. அந்தக் கணக்கின் பிறப்பிடம், உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றி 1993இல் வெளியிட்ட ஆய்வு. மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் தனியாகச் செய்த பயிற்சியின் சராசரிதான் அந்தப் பத்தாயிரம். அதைத் தாண்டினால் வித்வான் ஆகிவிடலாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்க செய்தி வேறு: அந்த மாணவர்கள் ஒரே மூச்சில் நாள் முழுவதும் வாசிக்கவில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு மேற்படாத அமர்வுகளாகப் பிரித்து, நடுவில் ஓய்வெடுத்துப் பயின்றார்கள். முன்னணியில் இருந்தவர்களிடம் பிற்பகலில் ஒரு குட்டித் தூக்கம் போடும் வழக்கமும் இருந்தது.

பள்ளிக்கோ வேலைக்கோ போய்க்கொண்டே கற்கிறவர்கள் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று வைத்துக்கொண்டாலே போதும், அந்த அரை மணியில் கவனம் சிதறாமல் இருந்தால். மாலையில் புதிய சங்கதியைக் கற்று, தூங்கி எழுந்து, காலையில் அதை மறுபடி எடுங்கள். முதல் நாள் இரவு முரண்டு பிடித்த இடம் காலையில் தானாக இளகியிருப்பதைக் காண்பீர்கள். புதிதாகக் கற்ற இயக்கங்களை மூளை உறக்கத்தில் உறுதிப்படுத்திக்கொள்கிறது என்பது இன்று நன்கு நிறுவப்பட்ட செய்தி. தேர்வுக்கு முன்பு இரவு கண்விழிக்கும் பழக்கத்தைக் கச்சேரிக்கும் கொண்டுவருகிறவர்கள், உழைத்ததன் பலனைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள்.

ஓர் உருப்படியை நாற்பது நிமிடம் விடாமல் அரைப்பதைவிட மூன்று உருப்படிகளை மாற்றி மாற்றி எடுப்பது மேடைக்கு நெருக்கமானது. கல்யாணியில் ஐந்து நிமிடம், பிறகு காம்போதியில் ஐந்து நிமிடம், மறுபடி கல்யாணி என்று போகும்போது ஒவ்வொரு முறையும் ராகத்தின் சாயலையும் எடுப்பையும் (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) காலப்பிரமாணத்தையும் புதிதாக நினைவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. மேடையில் செய்ய வேண்டியதும் அதைத்தான். இப்படிக் கலந்து பயிலும்போது அன்றைய சாதகம் மோசமாகப் போவதுபோலத் தோன்றும்; சில நாட்கள் கழித்துச் சோதித்தால் மனத்தில் நிலைத்திருப்பது அதுவாகத்தான் இருக்கும். 1979இல் ஷே, மார்கன் என்ற இருவர் கை அசைவுகளை வைத்துச் செய்த பரிசோதனை இதை முதலில் தெளிவாகக் காட்டியது. ஓர் அலங்காரத்தைப் பாடிக்கொண்டிருக்கும்போதே "இதையே தோடியில் பாடு" என்று திடீரென்று மாற்றச் சொல்லும் ஆசிரியரிடம் மாட்டிக்கொண்டவர்கள் அதிருஷ்டசாலிகள்.

மனப்பாடம் அறுபடும் இடங்கள்

பாடிப் பாடி வரும் மனப்பாடம் சங்கிலிபோன்றது. ஒரு கண்ணி அடுத்த கண்ணியை இழுத்துவரும். நடுவில் ஒன்று அறுந்தால் மிச்சம் முழுவதும் கைவிட்டுப் போய்விடும். அனுபல்லவி முடிந்து சரணத்தின் முதல் சொல்லுக்காக மாணவர்கள் விழிப்பது இதனால்தான். இது தொடக்க நிலையினருக்கு மட்டும் நேர்வதும் அல்ல. அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 1967இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் பெருங்கூட்டத்தின் முன் பாடும்போது வரிகளை மறந்துவிட்டார். அதற்குப்பின் ஏறத்தாழ 27 ஆண்டுகள் கட்டண நிகழ்ச்சிகளை அவர் தவிர்த்துவந்ததற்கு அந்த அச்சத்தையே காரணமாகச் சொன்னார்.

சங்கிலியோடு வேறு பிடிமானங்களையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு சிறு தாளில் பல்லவி, அனுபல்லவி, சரணத்தின் ஒவ்வொரு அடி ஆகியவற்றின் முதல் சொல், முதல் ஸ்வரம், தாளத்தில் எடுப்பு விழும் இடம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு, சரணத்தின் மூன்றாம் அடியிலிருந்து நேரடியாகத் தொடங்கிப் பாருங்கள். முந்தைய அடியை மனத்துக்குள் முணுமுணுக்காமல் தொடங்க முடிந்தால்தான் அந்த அடி உங்களுக்குப் பாடம். தெலுங்கிலோ சம்ஸ்கிருதத்திலோ உள்ள சாகித்தியத்தின் பொருளை ஆசிரியரிடம் கேட்டு, சொற்களைச் சரியாகப் பிரித்து எழுதிக்கொள்வது பாட்டின் உணர்ச்சி வெளிப்பாட்டுக்கு உதவுவதோடு நினைவுக்கும் பெரிய பிடிமானம். பொருள் தெரியாத சொல்லே மேடையில் முதலில் நழுவுகிறது. பேருந்தில் போகும்போது வாயைத் திறக்காமல், தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, முழுக் கீர்த்தனையையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கலாம். தெளிவில்லாமல் தாண்டிப்போகும் இடங்கள் அப்போது நன்றாகத் தெரிந்துவிடும்.

நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்றால், மூடிவைத்திருக்கும் நோட்டால் கேடில்லை என்பது என் கருத்து. திறந்துவைத்தால் கண் அங்கேயே போகும். கண் போனால் காது போய்விடும்.

உடம்பில் என்ன நடக்கிறது

பலர் தன்னைப் பார்க்கிறார்கள் என்பதை உடம்பு ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, உமிழ்நீர் வற்றுகிறது, கை விரல்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து அவை சில்லென்று ஆகின்றன. பாடுகிறவருக்கு மேல் ஷட்ஜத்தில் நிற்க மூச்சுப் போதாமல் போவதும், வயலின்காரருக்கு நீண்ட வில்லில் நடுக்கம் தெரிவதும், குழல்காரருக்கு உதடு காய்ந்து நாதம் பிசிறுவதும் இந்த ஒரே மூலத்திலிருந்து வருபவை. திறமைக் குறைவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. செல்லோ மேதை பாப்லோ காசல்ஸ் வாழ்நாள் முழுவதும் மேடை நடுக்கத்தோடுதான் வாசித்தார். 1901இல் கலிஃபோர்னியாவில் மலை ஏறும்போது பாறை ஒன்று உருண்டு அவருடைய இடக்கை விரல்களை நசுக்கியது. இனிச் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியே அந்தக் கணத்தில் தனக்கு முதலில் தோன்றியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கை குணமானபின் அவர் இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தார்.

ஆகவே நடுக்கத்தை ஒழித்துவிட்டு மேடை ஏறுவது என்ற குறிக்கோளை விட்டுவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் "பயப்படாதே, அமைதியாக இரு" என்று சொல்வதால் பயன் குறைவு. துடிக்கும் இதயத்தை அந்தக் கணத்தில் அடக்க முயல்வது இன்னொரு போராட்டமாகிவிடுகிறது. ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அந்நியர் முன்னிலையில் கரோக்கே பாடவேண்டியிருந்தவர்களில், பாடுமுன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள், "பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்களைவிடத் துல்லியமாகப் பாடினார்கள். உற்சாகத்திலும் இதயம் வேகமாகத்தான் துடிக்கிறது. உடம்பு செய்வதை மாற்றாமல், அதற்கு வைக்கும் பெயரை மட்டும் மாற்றுவது எளிது.

மூச்சு மட்டும் நம் கைக்கு நேரடியாக அகப்படுவது. வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. ஆதிதாளத்தை மெதுவான காலப்பிரமாணத்தில் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, எட்டில் மூன்று எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, ஐந்து எண்ணிக்கைக்கு விடுங்கள். ஐந்தாறு ஆவர்த்தனங்கள் செய்தால் போதும். இதைத் தினசரிச் சாதகத்தின் தொடக்கத்திலேயே வழக்கமாக்கிக்கொண்டால்தான் கச்சேரியன்று உடம்புக்கு அது பழகிய சைகையாக இருக்கும். அன்றைக்குப் புதிதாகச் செய்து பார்த்தால், மூச்சைப் பற்றிய கவலை ஒன்று கூடுதலாகச் சேரும்.

மேடையை வீட்டுக்குக் கொண்டுவருதல்

கச்சேரிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போது சாதகத்தை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். ஒன்று, மேலே சொன்ன திருத்தும் சாதகம். மற்றது, எது நடந்தாலும் நிறுத்தாமல் பாடிமுடிக்கும் ஒத்திகை. இரண்டையும் கலக்கக்கூடாது. இடறியதும் நிறுத்தும் பழக்கம் மட்டுமே உள்ளவர் மேடையிலும் நிறுத்துவார், நாக்கைக் கடிப்பார், தலையை ஆட்டுவார். வாரத்துக்கு இரண்டு முறையாவது முழு நிகழ்ச்சியையும் அதே வரிசையில், அதே நேர அளவில் ஒத்திகை பாருங்கள்.

அந்த ஒத்திகையில் மேடையின் அசௌகரியங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பழகியவருக்கு ஜமுக்காளத்தில் அரை மணி நேரம் சம்மணமிட்டால் கால் மரத்துப்போகும். பட்டுப் புடவையின் இறுக்கம் மூச்சைச் சுருக்கும். அங்கவஸ்திரம் தாளம் போடும் கையில் விழும். மைக் இல்லாவிட்டால் அதன் உயரத்தில் ஒரு குச்சியையாவது நிறுத்திவைத்து, அதிலிருந்து விலகாமல் பாடிப் பழகுங்கள். இதயத் துடிப்பைக்கூட வரவழைக்கலாம்: மாடிப்படியில் இரண்டு முறை வேகமாக ஏறி இறங்கி, மூச்சிரைப்பு அடங்குமுன் உட்கார்ந்து, உடனே வர்ணத்தை எடுத்துப் பாருங்கள். துடிக்கும் இதயத்தோடும் சுருதியில் நிற்க முடிகிறது என்பதை உடம்பு ஒருமுறை அறிந்துகொண்டால், மேடையில் அதே துடிப்பு வரும்போது பாதிப் பயம் குறைந்துவிடும்.

கேட்பவர்களையும் படிப்படியாகக் கூட்டுங்கள். முதலில் கேமரா, பிறகு வீட்டார், பிறகு அண்டை வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர், பிறகு தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் ஒரு மாலை. இசை தெரிந்த ஒருவராவது எதிரில் உட்கார்ந்து தாளம் போட்டுக் கேட்பது அவசியம். முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போடுவது தரும் நடுக்கம் தனி ரகம்; அதற்கும் ஒத்திகை வேண்டும்.

மேலை இசைக் குழுக்களைப்போலப் பக்கவாத்தியக்காரர்களோடு முன்கூட்டியே ஒத்திகை பார்க்கும் வழக்கம் நம் கச்சேரிகளில் பெரும்பாலும் இல்லை. வயலின், மிருதங்கக் கலைஞர்களை மேடைக்குப் பக்கத்து அறையில்தான் முதன்முதலில் சந்திப்பீர்கள். அவர்கள் வயதிலும் அனுபவத்திலும் பெரும்பாலும் மூத்தவர்களாகவே இருப்பார்கள். வணங்கி, பெயரையும் ஆசிரியர் பெயரையும் சொல்லி, எத்தனை கட்டைச் சுருதி, என்னென்ன உருப்படிகள், என்ன தாளம், எடுப்பு சமமா (தாளம் தொடங்கும் இடமா), அரை இடமா, ஒன்றரை இடமா, எங்கே ஸ்வரம், எங்கே தனி (மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி) என்பவற்றை எழுதிய ஒரு தாளை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பெரிய வித்வான்கள் முன்கூட்டிச் சொல்வதில்லையே என்று தயங்க வேண்டாம். முதல் கச்சேரிக்காரர் சொல்வதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. அனுபவசாலியான மிருதங்கக்காரர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டால், நீங்கள் இடறும் இடத்தில் சமத்தைத் தெளிவாகக் காட்டித் தாங்கிப் பிடிப்பார்.

இடறினால் என்ன செய்வது என்று முன்பே தீர்மானித்தல்

இடறல் வருமா என்று கவலைப்படுவதைவிட, வந்தால் இதைச் செய்வேன் என்று முடிவெடுத்துவைத்துக்கொள்வது மனத்துக்கு இதம். சாகித்தியம் மறந்தால், முன்பு பாடிய அடியின் இன்னொரு சங்கதியை எடுத்துப் பாடி ஓர் ஆவர்த்தனத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம்; அதற்குள் சொல் பெரும்பாலும் வந்துவிடும். தாளம் தவறியது தெரிந்தால் கையை வேகமாக ஆட்டித் தேடாமல், மிருதங்கத்தைக் கேட்டு, சமத்துக்குக் காத்திருந்து சேர்ந்துகொள்ளுங்கள். மேடையிலேயே புனைந்து பாடும் கற்பனை ஸ்வரம் கணக்கில் சிக்கிக்கொண்டால், கணக்கைக் கைவிட்டு, ராகத்தின் எளிய பிடி ஒன்றைப் பாடி எடுப்புக்கு வந்துவிடுங்கள். இவை மூன்றையும் வீட்டில் வேண்டுமென்றே செய்து பழக வேண்டும்: யாரையாவது பாட்டின் நடுவில் கைதட்டச் சொல்லி, தட்டிய இடத்தில் சாகித்தியத்தை விட்டுவிட்டு மீண்டு வாருங்கள். முகத்தில் எதுவும் தெரியாமல் மீண்டுவிட்டால், கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு இடறியதே தெரியாது.

கச்சேரி வாரமும் கச்சேரி நாளும்

கடைசி வாரத்தில் புதிய சங்கதி எதையும் சேர்க்க வேண்டாம், ஆசிரியரே சொன்னாலும் பணிவாகக் கேட்டுக்கொண்டு அடுத்த கச்சேரிக்கு ஒதுக்கிவையுங்கள். சாதக நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, தூக்கத்தைக் கூட்டுங்கள். கச்சேரியன்று காலை கால் மணி நேரம் அகாரமும் வரிசைகளும் போதும். முழு நிகழ்ச்சியையும் பகலில் ஒருமுறை பாடிப் பார்க்க ஆசை வரும். அதில் ஓர் இடறல் நேர்ந்தால் மாலை வரை அதுவே மனத்தில் சுற்றும். மிதமான உணவை இரண்டு மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டு, வெந்நீர் குடுவையை எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாக அரங்குக்குப் போய்விடுங்கள். ஒலியமைப்பாளரிடம் உங்களுக்கு எதிரில் உள்ள மானிட்டரில் தம்புரா தெளிவாகக் கேட்கும்படி வைக்கச் சொல்லுங்கள்; சுருதி கேட்காத மேடையில் தைரியசாலியும் தடுமாறுவார். கைபேசிச் செயலியில் சுருதி வைப்பவர்கள் அதை விமானப் பயன்முறையில் போடாமல் மேடை ஏறக்கூடாது.

முதல் உருப்படி, நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் பாடக்கூடியதாக இருக்கட்டும். இன்றைய கச்சேரி முறைக்கு உருவம் கொடுத்த அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் வர்ணத்தில் தொடங்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியதில் உளவியல் ஞானம் இருக்கிறது: ஒரு சங்கதியையும் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டாத, இரண்டு காலத்திலும் கை பழகிய உருப்படி அது. தொடங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். அட்ரினலின் காலப்பிரமாணத்தை ஓட்டிவிடும் என்பதால், பல்லவியை மனத்தில் எடுத்து வேகத்தைத் தீர்மானிக்காமல், அந்த உருப்படியிலேயே மிக நெருக்கமான சிட்டை ஸ்வரத்தை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டி, அது நிதானமாக விழும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலப்பிரமாணத்தில் பல்லவியைத் தொடங்குங்கள். உங்களுக்குச் சற்று மந்தமாக இருப்பதுபோலத் தோன்றினால் பெரும்பாலும் அதுதான் சரியான வேகம்.

பாடத் தொடங்கியபின் கவனத்தைத் தொண்டையிலோ விரலிலோ வைக்காதீர்கள். பழகிய வேலையை உடம்பு எப்படிச் செய்கிறது என்று எட்டிப் பார்க்கத் தொடங்கினால் அது குலையும். காதைத் தம்புராவுக்குக் கொடுங்கள். வயலின் ஆலாபனை வாசிக்கும்போது அடுத்து என்ன என்று திட்டமிடாமல் அதையே கேளுங்கள். அந்த இரண்டு நிமிடம் உங்களுக்கு மூச்சுவிடக் கிடைத்த நேரம், அதோடு ராகத்தில் நீங்கள் தொடாத ஒரு பிடியையும் அவர் எடுத்துக்கொடுத்துவிடக்கூடும்.

மாத்திரை பற்றி

நடுக்கத்துக்கு ப்ரொப்ரனலால் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொள்வது மேலை இசைக் கலைஞர்களிடையே ரகசியமே இல்லை. அமெரிக்க சிம்பொனி இசைக் கலைஞர்களிடம் 1987இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் நூற்றுக்கு 27 பேர் அவ்வகை மாத்திரைகளைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். அது இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கிறது, மனக் கவலையை நேரடியாகத் தொடுவதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது. மருத்துவரைப் பார்க்காமல், நண்பர் கொடுத்தார் என்று அதை விழுங்கக்கூடாது. கச்சேரிக்குப் பல நாட்களுக்கு முன்பே தூக்கமும் உணவும் கெட்டுப்போகிறது, வாய்ப்புகளைத் தொடர்ந்து தட்டிக்கழிக்கிறீர்கள் என்றால், உளவியல் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. இத்தகைய அச்சத்துக்குப் பேச்சுவழிச் சிகிச்சை நன்றாகப் பயன்படுகிறது.

முடிந்தபின்

கச்சேரி முடிந்த இரவில் பதிவைக் கேட்க வேண்டாம். அன்றைக்கு ஓர் இடறல் மட்டும்தான் நினைவில் பூதாகரமாக நிற்கும். இரண்டு நாள் கழித்து, ஒத்திகைப் பதிவுகளைக் கேட்டதுபோலவே நோட்டும் பென்சிலுமாகக் கேளுங்கள். வீட்டில் ஒருபோதும் இடறாத இடத்தில் மேடையில் இடறியிருந்தால், அந்த இடத்தை உடைத்து அரைப்பதில் பயனில்லை. அதற்கு வேண்டியது இன்னும் சில ஒத்திகைகளே. வீட்டுப் பதிவுகளிலும் அங்கே குறி இருந்திருந்தால், அது திருத்தும் சாதகத்துக்குப் போக வேண்டிய பிழை. பதிவைக் கேட்டு முடித்ததும் அடுத்த நிகழ்ச்சிக்கு ஒரு தேதியைப் பிடித்துவிடுங்கள். பஜனை மடத்தில் இரண்டு கீர்த்தனையானாலும் சரி, அது இரண்டு மாதத்துக்குள் இருக்கட்டும்.